‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’: ஃபேக்டர் 13 குறைபாடு உள்ளவருக்கு ஹெர்னியா ஆபரேஷன்

கேள்வி

மேலூர் பக்கத்து கிராமம் எங்களுக்கு. மகனுக்கு 22 வயது, எடை 56 கிலோ. பிறந்த ஏழாம் நாள் தொப்புளில் ரத்தம் கசிய ஆரம்பித்து நிற்கவே இல்லை. பல இடம் அலைந்து, கடைசியில் வேலூரில் ‘ஃபேக்டர் 13 குறைபாடு’ என்று கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் கிரையோ (தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் உறைவுப் புரதம்) ஏற்றுகிறோம், இப்போது ஆறு பை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கும் வேலை பார்க்கிறான். ஒரு வருடமாக வலது தொடை இடுக்கில் ஹெர்னியா. சாயங்காலம் ஆனால் வீங்கி வலிக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். “உறைவு டெஸ்ட் எல்லாம் நார்மல், பயப்பட ஒன்றுமில்லை. காலையில் ஆபரேஷன், மறுநாள் வீட்டுக்குப் போகலாம். வேண்டுமானால் ரெண்டு பை கிரையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார் டாக்டர். நம்பிச் செய்யலாமா? எத்தனை பை வேண்டும்? இன்னொன்று: என் வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன்தான். மகளுக்கு 20 வயது, நோய் எதுவும் தெரியவில்லை. அவளை என் தம்பிக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகி

பதில்

அம்மா, அந்த டாக்டர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ரிப்போர்ட் நார்மல்தான். ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான ஃபேக்டர் 13 அறவே இல்லாதவருக்கும் அந்த ரிப்போர்ட் நார்மலாகத்தான் வரும். அதை வைத்து ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதுதான் ஆபத்து.

ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும், குழாயில் இருக்கும் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) எத்தனை விநாடியில் கட்டியாகிறது என்பதை மட்டும் அளக்கின்றன. கட்டி உருவான நொடியில் கருவி நேரத்தைக் குறித்துவிட்டு நின்றுவிடும். ஃபேக்டர் 13 வேலையை ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். கட்டியின் வலையாக உருவாகும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்து, கட்டியைக் கரைக்க வரும் பிளாஸ்மினுக்கு எதிரான புரதத்தையும் அந்த இழைகளிலேயே ஒட்டவைப்பது அதன் வேலை. மல்லிகையை வரிசையாக அடுக்கியாயிற்று, நாரில் முடிச்சு மட்டும் போடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குச் சரம்தான், தூக்கினால் உதிர்ந்துவிடும். உங்கள் மகன் ரத்தத்தில் உருவாகும் கட்டி அப்படிப்பட்டது. தட்டணுக்களின் எண்ணிக்கை, ரத்தக் கசிவு நேரம் ஆகியவையும் நார்மலாகவே இருக்கும்.

இதனால்தான் இந்த நோயில் ரத்தப்போக்கு தாமதமாக வருகிறது. ஆபரேஷன் மேஜையில் எல்லாரையும்போல ரத்தம் உறையும், சர்ஜன் திருப்தியாகத் தையல் போடுவார், அன்று இரவும் அமைதியாகப் போகும். பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து 36 மணி நேரத்துக்குள், சில சமயம் அதற்கும் பிறகு, கட்டி கரைந்து உள்ளே ரத்தம் சேர ஆரம்பிக்கும். ‘மறுநாள் வீட்டுக்கு’ என்றால் சரியாக அந்த நேரத்தில் உங்கள் மகன் மேலூர் பஸ்ஸில் இருப்பார். 1960-இல் சுவிட்சர்லாந்தில் இந்தக் குறைபாடு முதன்முதலில் விவரிக்கப்பட்ட காலத்திலிருந்தே இதன் அடையாளங்கள் மாறவில்லை: வழக்கமான டெஸ்டுகள் நார்மல், ரத்தம் தாமதமாகக் கசியும், புண் ஆறச் சுணங்கும்.

ஆகவே அந்த ஏற்பாட்டில், ஆபரேஷன் வேண்டும் என்பது தவிர மற்றதெல்லாம் மாற வேண்டும்.

ஆபரேஷன் வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுவோம். தொந்தரவே தராத ஹெர்னியாவை ஆண்களிடம் ஆபரேஷன் செய்யாமல் கவனித்துவருவது ஏற்கத்தக்க வழிதான். உங்கள் மகனுக்கு அது பொருந்தாது. தினமும் வலிக்கிறது, மூட்டை தூக்கும் தொழில். என்றாவது ஒரு நாள் குடல் சிக்கிக்கொண்டு, வீக்கம் உள்ளே போகாமல், வாந்தியோடு நடு இரவில் ஓடிவந்தால், கிரையோ தயாராகும்வரை குடல் காத்திருக்காது. நிதானமாகத் திட்டமிட்டுச் செய்வதே நல்லது. ஆனால் ஒரு மாத அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை மூட்டை தூக்க வேண்டாம். வீக்கம் கல்போல் இறுகி உள்ளே போகாவிட்டாலோ, வாந்தி வந்தாலோ, நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. ரத்தக் கூறுகளைப் பிரிக்கும் ரத்த வங்கி அதே வளாகத்தில் இருக்க வேண்டும், இரவிலும் இயங்க வேண்டும். ரத்தநோய் பார்க்கும் மருத்துவர், மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு, சி.டி. ஸ்கேன் எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். இது சின்ன ஆபரேஷன்தான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய சின்ன ஆபரேஷன். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு ராஜாஜி மருத்துவமனையில் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே பதிவேடு இருக்கிறது, மாதாமாதம் கிரையோ ஏற்றும் பிரிவுக்கு அவரைத் தெரியும். அதை விட்டுவிட்டு, ரத்த வங்கி இல்லாத இடத்துக்கு ஐஸ் பெட்டியில் இரண்டு பை கிரையோவை எடுத்துக்கொண்டு போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இனி அளவுக் கணக்கு. நீண்டுவிடும், ஆனால் ‘ரெண்டு பை’ ஏன் போதாது என்பது இதில்தான் இருக்கிறது.

உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 40 மில்லி பிளாஸ்மா. 56 கிலோவுக்கு 2,240 மில்லி. ஒரு மில்லி சராசரி பிளாஸ்மாவில் ஒரு யூனிட் ஃபேக்டர் 13 இருக்கும் என்பது வரையறை. எனவே அவர் ரத்தத்தில் அளவை, சராசரி ஆளின் அளவில் 1 சதவீதம் ஏற்ற 22 யூனிட் சொச்சம் தேவை. ஒரு பை கிரையோவில் சுமார் 40 முதல் 60 யூனிட் இருக்கும். 50 என்று வைத்தால், ஒரு பை 2 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏற்றும். இரண்டு பை என்றால் 4 அல்லது 5 சதவீதம். மாதாந்திர ஆறு பையில் 13 சதவீதம்வரை ஏறி, நான்கு வாரத்தில் 2, 3 சதவீதத்துக்கு இறங்கும். அன்றாட வாழ்க்கையில் தானாக ரத்தம் கசியாமல் காக்க அந்த அளவே பெரும்பாலும் போதுகிறது. கத்தி வைக்கப் போதாது. பெரிய ஆபரேஷன்களுக்கு 50 சதவீதத்தை இலக்காக வைப்பது வழக்கம். ஹெர்னியாவுக்கு 30-லிருந்து 50-க்குள் நிறுத்தி, புண் ஆறும்வரை அதிகம் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

45 சதவீதம் எட்டக் கிரையோ மட்டும் என்றால் ஏறக்குறைய 20 பை. கேட்டதும் மலைப்பாக இருக்கும். பை ஒன்றுக்கு 15 முதல் 20 மில்லிதான் என்பதால் மொத்தமே 300 முதல் 400 மில்லி. ஆனால் ஒவ்வொரு பையும் ஒவ்வொருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து வருவது. 20 பை என்றால் 20 பேருடைய ரத்தம். உறைநிலை பிளாஸ்மாவில், அதாவது எஃப்.எஃப்.பி.யில், இந்தக் கணக்கு வேறு. அதில் மில்லிக்கு ஒரு யூனிட் என்பதால் 200 மில்லி பை ஒன்றிலேயே 200 யூனிட் இருக்கும். பைக்குப் பை பார்த்தால் கிரையோவைவிட எஃப்.எஃப்.பி.யில்தான் ஃபேக்டர் 13 அதிகம் என்பது பயிற்சி மருத்துவர்களுக்கே வியப்பாக இருக்கும். கிரையோவில் மிகச் செறிவாக இருப்பவை வேறு இரு உறைவுப் புரதங்களான ஃபேக்டர் 8-உம் ஃபைப்ரினோஜனும். ஃபேக்டர் 13 அந்த அளவுக்குச் செறிவாவதில்லை. எஃப்.எஃப்.பி.யில் தடை கொள்ளளவுதான். கிலோவுக்கு 15 மில்லி என்றால் 840 மில்லி. இளைஞருடைய இதயமும் சிறுநீரகமும் அதைத் தாங்கும். வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கலாம். நடைமுறையில் இரண்டையும் கலந்து, 10 பை கிரையோவோடு 2 பை எஃப்.எஃப்.பி. என்று போனால் 40 சதவீதத்தை எட்டலாம். இறுதி எண்ணிக்கையை உங்கள் ரத்தநோய் மருத்துவர் முடிவு செய்வார். நான் கணக்கைச் சொல்வது, நீங்கள் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காக.

ஃபேக்டர் 13-ஐ மட்டும் தனியாகப் பிரித்துத் தூளாக வைத்திருக்கும் மருந்தும் உண்டு. ஆபரேஷனுக்குக் கிலோவுக்கு 20 முதல் 40 யூனிட்; உங்கள் மகனுக்கு 1,120 முதல் 2,240 யூனிட்வரை. சில மில்லியில் முடிந்துவிடும், கிருமி நீக்கம் செய்யப்பட்டது, ஒவ்வாமையும் குறைவு. கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. விலையும் வரத்தும்தான் இடைஞ்சல். முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அரசு மருத்துவமனைகளில் ஹீமோபிலியாவுக்காக ஃபேக்டர் 8, ஃபேக்டர் 9 வைத்திருப்பார்கள். இரவுப் பணியில் இருப்பவர் ‘ரத்தம் உறையாத நோய்’ என்று கேட்டதும் அதை எடுத்துப் போட்டுவிட வாய்ப்புண்டு. உங்கள் மகனுக்கு அவை இரண்டும் ஒரு பலனும் தராது. வைட்டமின் கே ஊசியும் அப்படித்தான்.

ஒரு மாத அவகாசம் கேட்டதற்குக் காரணம் இங்கே வருகிறது. மேலே சொன்னது சராசரிக் கணக்கு. பைக்குப் பை சரக்கு மாறும், உடலுக்கு உடல் மாறும். அடுத்த மாதாந்திரக் கிரையோ நாளை ஒத்திகையாகப் பயன்படுத்துங்கள். ஏற்றும் முன் ஒரு மாதிரி, ஏற்றி முடித்த ஒரு மணி நேரத்தில் ஒரு மாதிரி எடுத்து, ‘ஃபேக்டர் 13 அளவு’ பார்க்க அனுப்பச் சொல்லுங்கள். பிளாஸ்மாவை உடனே பிரித்து உறையவைத்து அனுப்ப வேண்டியிருக்கும், முடிவு வரச் சில நாள் ஆகும். ஆறு பைக்கு எத்தனை சதவீதம் ஏறியது என்று தெரிந்துவிட்டால், ஆபரேஷன் அன்றைக்கு எத்தனை பை என்பது கூட்டல் கணக்கு. எதிர்பார்த்ததில் பாதிகூட ஏறவில்லை என்றால், ஃபேக்டர் 13-க்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறவிக் குறைபாட்டில் அது அரிது. ஆனால் இருந்தால், அது ஆபரேஷன் மேஜையில் தெரியவரக் கூடாது.

இங்கே நடக்கும் இன்னொரு தவறு யூரியா டெஸ்ட். உறைந்த கட்டியை 5 மோலார் யூரியா கரைசலில் போட்டு, 24 மணி நேரத்துக்குள் கரைகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தையாக இருந்தபோது உங்கள் மகனுக்கும் அதுதான் எடுத்திருப்பார்கள். நோயைக் கண்டுபிடிக்க உதவும், மலிவானது. ஆனால் ரத்தத்தில் சில சதவீதம் ஃபேக்டர் 13 இருந்தாலே கட்டி கரையாது, டெஸ்ட் நார்மல் ஆகிவிடும். இரண்டு பை கிரையோ ஏற்றிவிட்டு யூரியா டெஸ்ட் எடுத்தால் நார்மல்தான் வரும். 5 சதவீதத்தோடு ஆபரேஷனுக்குப் போய்விடுவார்கள். ஆபரேஷனுக்குத் தேவையான அளவு இருக்கிறதா என்று சொல்ல அந்த டெஸ்டால் முடியாது. எண்ணாக அளந்து சொல்லும் டெஸ்டைத்தான் கேட்க வேண்டும்.

ஒத்திகை நாளிலேயே ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளையும் எடுத்துவிடுங்கள். 22 வருடமாக ஊரார் ரத்தத்தை ஏற்றிக்கொண்டவருக்கு இது வருடாவருடம் செய்ய வேண்டியது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருந்தாலும் எதிர்ப்பு அளவு இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள்.

தேதி குறிக்கும்போது மாதாந்திரக் கிரையோ நாளையே ஆபரேஷன் நாளாக வைத்துக்கொள்ளலாம். அன்று ஏற்றுவது இரண்டுக்கும் சேர்ந்துவிடும். திங்கள் அல்லது செவ்வாய், காலையில் முதல் கேஸ். அப்போதுதான் ஆபத்தான இரண்டாம், மூன்றாம் நாட்கள் எல்லா டாக்டர்களும் பணியில் இருக்கும் வேலைநாட்களில் விழும். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்தால் ரத்தம் கசிய ஆரம்பிப்பது சனி இரவில். சித்திரைத் திருவிழா வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அழகர் வரும் நாட்களில் கோரிப்பாளையம் பக்கம் ஆம்புலன்ஸ் நகர்வதே பாடு. ரத்த வங்கிக்கு இரண்டு வாரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். 20 பை கிரையோ யாரும் சும்மா அடுக்கி வைத்திருக்க மாட்டார்கள். முதல் தவணைக்கு வேண்டியதோடு, அதில் பாதியாவது கூடுதலாக அவர் பெயரில் ஒதுக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள், மார்க்கெட் நண்பர்கள் முன்கூட்டியே வந்து ரத்தம் கொடுத்தால் வங்கிக்கும் உதவி.

ஆபரேஷன் அன்று மிகச் சாதாரணமாகக் கெட்டுப்போவது நேரம்தான். கிரையோவை 37 டிகிரி நீர்த்தொட்டியில் உருக்குவார்கள். உருக்கியதை அறை வெப்பத்தில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். பைகளைத் திறந்து ஒன்றாகச் சேர்த்திருந்தால் 4 மணி நேரம். காலை 6 மணிக்கு உருக்கி வாங்கி வைத்துவிட்டு, கேஸ் மதியம் 2 மணிக்குத் தள்ளிப்போனால் அத்தனையும் வீண். பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தாலும் கெட்டுவிடும், குளிரில் புரதம் மறுபடி திரிந்து படியும். எனவே தியேட்டரிலிருந்து ‘அடுத்து இவர்தான்’ என்று உறுதியான பிறகே உருக்கச் சொல்ல வேண்டும். வடிகட்டி உள்ள ரத்தம் ஏற்றும் செட்டில், கத்தி வைப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும். ‘ரத்தம் கசிந்தால் போடுவோம்’ என்று தியேட்டரில் வைத்துக் காத்திருப்பது இந்த நோய்க்கு ஆகாது. கசிவு தெரியும்போது உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரத்த வகையும் பொருந்த வேண்டும். இத்தனை பை பொருந்தாத பிளாஸ்மா போனால் அவருடைய சிவப்பணுக்கள் உடையலாம். ஏற்றும்போது உடம்பில் தடிப்பு, அரிப்பு, குளிர் நடுக்கம் வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். முன்பு எந்த மாதத்திலாவது அப்படி வந்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மயக்க மருந்து விஷயத்தில் மயக்க மருத்துவரை ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். ஹெர்னியாவுக்கு வழக்கமாக முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்வார்கள். இவருக்கு முதுகெலும்புக்குள் சிறு ரத்தக்குழாயில் ஊசி பட்டு, மறுநாள் அங்கே ரத்தம் கட்டினால் கால் செயலிழக்கும். அளவை ஏற்றிய பிறகு முதுகு ஊசி போடலாம் என்று சிலர் வாதிடுவார்கள். வேறு வழி இருக்கும்போது அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? முழு மயக்கமோ, இடுக்கில் மட்டும் மரத்துப்போகச் செய்வதோ நல்லது.

லேப்ராஸ்கோப்பியா, திறந்த ஆபரேஷனா என்று கேட்டால், இவருக்குத் திறந்து வலை வைப்பதையே நான் விரும்புவேன். துளை சின்னதாகத் தெரிந்தாலும், லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுச் சுவருக்குப் பின்னால் அகலமாகப் பிரித்து வேலை செய்ய வேண்டும். அங்கே ரத்தம் சேர்ந்தால் வெளியே தெரியாது, அழுத்தவும் முடியாது. திறந்த முறையில் வெட்டு கண்ணெதிரே இருக்கும், கையால் அழுத்தலாம். சர்ஜன் ஒவ்வொரு சிறு குழாயையும் பொறுமையாகக் கட்டியோ கருக்கியோ முடிக்க வேண்டும். ‘இது தானாக நின்றுவிடும்’ என்று விடும் கசிவு எதுவும் இவருக்கு இன்று நின்றாலும் நாளை மறுபடி கசியும்.

மருந்துகளில் முக்கியமானது டிரனெக்சாமிக் ஆசிட். உருவான கட்டி கரைவதைத் தடுக்கும் மருந்து என்பதால் இந்த நோய்க்குப் பொருத்தமானது. கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் என்றால் அவருக்கு ஒரு வேளைக்கு 1 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, நாளைக்கு மூன்று வேளை. ஆபரேஷனுக்குச் சற்று முன் நரம்பு ஊசியாகத் தொடங்கி, 7 முதல் 10 நாள் தொடர வேண்டும். இது கிரையோவுக்குத் துணைதான், பதில் இல்லை. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர்க்குழாயில் கட்டி உறைந்து அடைத்துக்கொள்ளும்.

வலிக்கு பாராசிட்டமால், தேவைப்பட்டால் டிரமடால். டயக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் கூடாது. நம் ஊரில் ஆபரேஷன் முடிந்த அன்று இரவு டயக்ளோஃபெனாக் ஊசியை இடுப்பில் போடுவது பழக்கமாகவே இருக்கிறது. உங்கள் மகனுக்கு அந்த மருந்தும் ஆகாது, சதையில் போடும் ஊசியும் ஆகாது. அவர் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘சதை ஊசி வேண்டாம்’ என்று எழுதச் சொல்லுங்கள். கூட இருப்பவர் யாராக இருந்தாலும் ஊசி வரும்போது ‘நரம்பிலா, சதையிலா?’ என்று கேட்கத் தயங்கக் கூடாது. ஆபரேஷன் நோயாளிகளுக்குக் காலில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் எழுதுவதும் உண்டு. இவருக்கு அதை வழக்கம் என்று எழுதிவிடக் கூடாது. மறுநாளே எழுந்து நடப்பது போதும்.

ஃபேக்டர் 13 ரத்தத்தில் நீண்ட நாள் தங்கும், பாதியாகக் குறைய 9 முதல் 14 நாள் ஆகும். ஃபேக்டர் 8-ஐப் போல 12 மணிக்கொரு முறை ஏற்ற வேண்டியதில்லை என்பது இந்த நோயில் உள்ள ஒரே சலுகை. கணக்குப்படி 45 சதவீதத்தில் தொடங்கினால் ஒரு வாரத்தில் 30-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் புண்ணிலேயே கொஞ்சம் செலவாகும். அதனால் மூன்றாம் நாள் அளவு பார்த்து, குறைந்திருந்தால் முதல் தவணையில் கால்பங்கு முதல் பாதிவரை மறுபடி ஏற்றலாம். டெஸ்ட் முடிவு உடனே வராத இடத்தில், காத்திருக்காமல் நான்காம் நாள் ஐந்தாறு பை ஏற்றிவிடுவது பாதுகாப்பு. பத்தாம் நாள் வாக்கில், தையல் பிரிக்கும் முன், இன்னொரு முறை. அதற்குப் பிறகு பழைய மாதாந்திரக் கணக்குக்குத் திரும்பலாம்.

குறைந்தது ஐந்து நாள் வார்டில் இருங்கள். மேலூர் 30 கிலோமீட்டர்தானே என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம். இந்த நாட்களில் கட்டு ஈரமாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். கட்டு காய்ந்தே இருக்கும், ரத்தம் விதைப்பைக்குள் இறங்கிச் சேரும். விதைப்பை பெருத்து இறுகுவது, குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடுவது, தொடை இடுக்கு நீலம் பாய்வது, நாடி 100-ஐத் தாண்டுவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் டாக்டர் ரவுண்டுக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். சும்மா பார்த்தால் நன்றாக இருந்தாலும் முதல் நாளும் மூன்றாம் நாளும் ஹீமோகுளோபின் எடுக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய எண்ணிலிருந்து 2 கிராம் இறங்கியிருந்தால் எங்கோ ரத்தம் போகிறது. அப்போது முதலில் கிரையோ, பிறகு ஸ்கேன். ஸ்கேன் அறை வாசலில் வரிசையில் நின்றுவிட்டு அப்புறம் கிரையோ போடுவது தலைகீழ் வரிசை. பின்னாளில் தலையில் அடிபட்டாலும் இதே வரிசைதான்; இந்தக் குறைபாட்டில் மூளைக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பு மற்ற உறைவுக் குறைபாடுகளைவிட அதிகம். பைக் ஓட்டுகிறார் என்றால் ஹெல்மெட் இல்லாமல் விடாதீர்கள்.

புண் ஆறுவதிலும் ஃபேக்டர் 13-க்குப் பங்கு உண்டு. ஆகவே எல்லாருக்கும் ஏழாம் நாள் தையல் பிரித்தால் இவருக்கு 10 முதல் 14 நாள், அல்லது தானே கரையும் தையல். மலச்சிக்கலும் இருமலும் தையலை இழுக்கும் என்பதால் இரண்டுக்கும் முன்பே மருந்து கேளுங்கள். மூட்டை தூக்க மற்றவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் சொல்வார்கள். இவருக்கு இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தால் அதற்கே மாறிவிடுவது இன்னும் நல்லது.

மகள் விஷயம். இந்தக் குறைபாடு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோயாக வெளிப்படும். ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. உங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு பழுதான நகல் இருக்கிறது, உங்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு வராது. மகளுக்குத் தொப்புளில் கசியவில்லை, மாதவிடாயும் சாதாரணமாக இருக்கிறது என்றால் அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நோயில்லாத உடன்பிறப்பு ஒரு பழுதான நகலைச் சுமப்பதற்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு. இதை யூரியா டெஸ்ட் காட்டாது. ஃபேக்டர் 13 அளவு பார்த்தால் ஓரளவு தெரியும், உறுதியாகச் சொல்வது மரபணுச் சோதனைதான். முதலில் மகனுக்கு எடுத்து எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடித்துவிட்டால், மகளுக்கும் உங்கள் தம்பிக்கும் அதே இடத்தை மட்டும் பார்ப்பது எளிது.

உங்கள் தம்பியிடம் அந்தப் பழுது இருக்க ஏறக்குறைய இரண்டில் ஒரு வாய்ப்பு, உங்களுக்கு வந்த வழியிலேயே அவருக்கும் வந்திருக்கலாம். சோதிக்காமல் கல்யாணம் முடித்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த நோய் வர 12-இல் ஒரு வாய்ப்பு. சொந்தம் அல்லாத இடத்தில் கொடுத்தால் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். இருவரையும் சோதித்து, இருவரில் ஒருவரிடமாவது பழுது இல்லை என்று தெரிந்தால் இந்த நோயைப் பொறுத்தவரை தடை இல்லை. இருவரிடமும் இருந்தால் நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரலாம். அப்போது இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பேன். நிச்சயதார்த்தத்துக்குத் தேதி பார்ப்பதற்கு முன்பே சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், முடிவு வரச் சில வாரங்கள் ஆகும்.